ஏழு சுற்று முடிவதற்குள்

போன மாதம் நம் கூட்டத்தில் ஒருத்தியின் தங்கைக்குக் கலியாணம் நடந்ததே, அங்கே மாப்பிள்ளையும் பொம்பிளையும் நெருப்பைச் சுற்றத் தொடங்கியபோது நான் ஏன் எழும்பி வெளியே போனேன் என்று உங்களில் இரண்டு பேர் கேட்டீர்கள். ஒருத்தி எனக்குத் தலைசுற்றாக்கும் என்று தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் ஓடிவந்தாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலையில் இங்கே ஜெர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தாலி கட்டி முடித்துவிட்டு, பின்னேரம் மண்டபத்தில் வீடியோவுக்காக வடக்கத்தியார் மாதிரி இன்னொரு தரம் ஏழு சுற்றுச் சுற்றுவது இப்போது நம்முடைய ஆட்களுக்குள் ஒரு பழக்கமாக வந்துவிட்டது. சுற்றட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தச் சுற்றை நான் முதன்முதலில் பார்த்த கலியாணம் ஒன்று இருக்கிறது. அதை இத்தனை வருடத்தில் உங்களில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. முப்பத்தைந்து வயதும் தாண்டி, காதோரம் நரையும் வந்தபிறகு இனி என்ன மறைப்பு.

மார்க் காசு போய் யூரோ வந்த வருடம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயில் போய்க் கடைசியாக நிற்கும் ஊரில் இருந்தோம். என் வகுப்பில் என்னைப் போல எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு வந்த மற்றவள் ஒரு பஞ்சாபிப் பிள்ளை. அவள்தான் என் சிநேகிதி. எங்கள் இரண்டு பேரின் தகப்பன்மாரும் எண்பதுகளில் ஒரே அகதி முகாமில், ஒரே அறையில், மேலும் கீழுமான கட்டிலில் படுத்தவர்கள். அவளின் தகப்பனை நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். டாக்சி ஓட்டினார். அப்பா ஒரு உணவகத்துச் சமையலறையில் நின்றார். அங்கிள் அப்பாவைப் ‘பாயி சாப்’ என்பார். அண்ணன் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஜெர்மன் மட்டும்தான். அதையும் அவர்கள் பேசுவதை வாத்தியார் யாரும் கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பார். ஆனால் அங்கிள் யார் சொல்லையும் கேட்காவிட்டாலும் அப்பா சொன்னால் கேட்பார். அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

சிநேகிதியின் அக்காவுக்குத்தான் கலியாணம். அவளைச் சிநேகிதி ‘தீதி’ என்று கூப்பிட்டதால் நானும் தீதி என்றே கூப்பிட்டேன். இருபது வயது. ஒரு பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தாள். மூன்று வருடத் தொழிற்கல்வி, அதில் இரண்டரை வருடம் முடிந்திருந்தது. வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக ஸ்டேஷனில் இறங்கி வருவாள். அவளில் எப்போதும் கிராம்பு எண்ணெய் மணக்கும். என் பாற்பல் ஒன்று விழாமல் ஆடிக்கொண்டு நின்றபோது, கதை கொடுத்துக்கொண்டே ஒரு நொடியில் கழற்றித் தந்தவள் அவள்தான். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்த வைத்தியசாலைப் பயணம் அதோடு மிச்சம்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் முந்தியே சிநேகிதி எனக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாள். பள்ளிக்கூட இடைவேளையில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் குந்தியிருந்து, முதலில் இது, பிறகு இது என்று விரல்விட்டு ஜெர்மனில் சொல்லுவாள். மாப்பிள்ளை குதிரையில் வருவார். மாலை மாற்றுவார்கள். பிறகு நெருப்பு, ஏழு சுற்று. சுற்றி முடிந்தால் கலியாணம் முடிந்தது, அதற்குப் பிறகு பொம்பிளை அந்த வீட்டுப் பிள்ளை, தகப்பனுக்குச் சொல் இல்லை. கடைசியாக அழுகை.

“அழுகையுமோ?” என்று கேட்டேன்.

“அதுதான் முக்கியம். போகமாட்டேன், என்னை அனுப்பாதையுங்கோ எண்டு சொல்லிச் சொல்லி தீதி அழுவாள். நீ பயப்பிடாத. அழாட்டித்தான் ஆக்கள் கதைப்பினம்.” அவளுடைய சின்னம்மா ஒருத்தி வீடியோ கசெட்டில் மயங்கி விழும் அளவுக்கு அழுதாளாம். காரில் ஏறி இரண்டு நிமிடத்தில் சமோசா இருக்கிறதா என்று கேட்டாளாம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நான் இதையெல்லாம் அப்படியே கொண்டுபோய் வீட்டில் ஒப்புவித்தேன். உங்களுக்குத் தெரியும், அந்த நாளில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். அம்மா பதினாலு வருடம் இங்கே இருந்தும் அவருடைய ஜெர்மன் கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் காணும். டொக்டரிடம் நான், நகரசபையில் நான், பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி வாத்தியார் குறை சொன்னாலும் அதை அம்மாவுக்குச் சொல்லுவது நான். சொல்லப் பிடிக்காததைச் சொல்லாமல் விடவும் எனக்குத் தெரியும். பெரிய ஆள் என்ற நினைப்பு.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஊர் மண்டபத்தைக் காலை ஒன்பது முதல் ஐந்து மணி வரைதான் கொடுத்திருந்தார்கள். “நல்லநேரம் பாக்கிறது ஐயர் இல்லை, ஹவுஸ்மைஸ்டர்” என்றார் அப்பா. மண்டபத்தைப் பார்க்கும் அந்த ஹவுஸ்மைஸ்டர் பெரிய மீசைக்காரர். உள்ளே நெருப்புக் கொளுத்தவே கூடாது என்று முதலில் நின்றார். பிறகு, தீயணைக்கும் சிலிண்டரோடு ஒரு ஆள் நெருப்புக்குப் பக்கத்தில் முழு நேரமும் நிற்கவேண்டும் என்று இறங்கி வந்தார். சமையலறையில் தீப் பயிற்சி எடுத்தவர் என்று அப்பாவை நிறுத்தினார்கள். அவரிடம் இருந்த ஒரே ஒரு கோட், தன் கலியாணத்தில் போட்ட கோட், அதைப் போட்டுக்கொண்டு சிவப்புச் சிலிண்டரைக் கக்கத்தில் இடுக்கியபடி அப்பா மணவறைக்குப் பக்கத்தில் நின்ற படம் இப்போதும் எங்கேயோ இருக்கவேண்டும். புகை போகக் கண்ணாடிக் கதவெல்லாம் திறந்து விட்டிருந்தார்கள். கடுகெண்ணெய் மணமும் செவ்வந்தி மணமும் மார்ச் மாதக் குளிரும் ஒன்றாக உள்ளே நின்றன.

மாப்பிள்ளை வீட்டார் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய பஸ்ஸில் வந்திருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்தில் மேளச் சத்தம் கேட்டதும் பொம்பிளை அறையில் இருந்த பெண்கள் எல்லாம் ஒன்றாக வெளியே ஓடினார்கள். அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். தீதியின் சட்டை முதுகில் ஹூக் ஒன்று கழன்று போயிருந்தது. அம்மா தன் தாலிக்கொடியில் எப்போதும் கொளுவி வைத்திருக்கும் ஊக்கு இரண்டைக் கழற்றி அவளுக்குக் குத்திக்கொண்டு நின்றார்.

தீதி முழங்கை வரை சிவப்பும் வெள்ளையுமாக வளையல் போட்டிருந்தாள். திடீரென்று திரும்பி, அந்தக் கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். என்னைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள். மடமடவென்று சொன்னாள்.

“உன்ர அம்மாட்டச் சொல்லு. வியாழக்கிழமைக்கு மாப்பிள்ளை வீட்டார் எனக்கு இங்கிலாந்துக்கு விமான டிக்கெட் எடுத்திட்டினம். இண்டைக்குக் காலமைதான் தெரியும். கோடைப் பரீட்சை முடியும்வரை இஞ்ச இருக்கலாம் எண்டு முதல்ல சொன்னவை. இப்ப மாட்டினமாம். கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை. நான் பரீட்சை வரைக்கும் இஞ்ச இருக்கவேணும் எண்டு பப்பா எல்லாருக்கும் முன்னால ஒருக்காக் கேட்டாக் காணும். நானும் என்ர அம்மாவும் சொல்லிப் பப்பா கேக்கமாட்டார். உன்ர அப்பா சொன்னாக் கேப்பார். சுத்துறதுக்கு முதல் சொல்லச் சொல்லு. சுத்தினாப் பிறகு பப்பாக்குச் சொல் இல்லை. என்னை இப்பிடி அனுப்பாதையுங்கோ எண்டு சொல்லு.”

அம்மா பதறிப்போனார். “ஏன் பிள்ளை இப்பிடி அழுறா? என்னவாம், என்னவாம் சொல்லுறா?”

வெளியே மேளம் உச்சத்துக்கு வந்துவிட்டது. குதிரை வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.

“அது அவையின்ர வழக்கம் அம்மா,” என்றேன். “போகமாட்டன், அனுப்பாதையுங்கோ எண்டு சொல்லி அழவேணுமாம். நான் அண்டைக்குச் சொன்னனான்தானே.”

அவ்வளவுதான் சொன்னேன். டிக்கெட்டைச் சொல்லவில்லை, பரீட்சையைச் சொல்லவில்லை, அப்பாவைச் சொல்லவில்லை. அதெல்லாமும் அந்த அழுகைக்குள் வரும் சொற்கள்தான் என்று நினைத்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால் எனக்குக் குதிரையைப் பார்க்கவேண்டும். குதிரைச் சவாரிப் பள்ளி ஒன்றிலிருந்து வாடகைக்கு எடுத்த வெள்ளைக் குதிரை, பொன் சரிகைத் துணி போர்த்தி நிற்கிறது, நான் உள்ளே நின்று ஒரு அழுகைக்கு உரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் நடந்தது.

“ஐயோ பாவம்,” என்று அம்மா அவள் கன்னத்தைத் துடைத்தார். எல்லாம் சரிவரும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். தீதியின் முகம் தெளிந்ததைக் கண்டேன். செய்தி போய்விட்டது என்று அவள் நினைத்தாள். நான் குதிரை பார்க்க ஓடினேன்.

குதிரை நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையும் கெட்ட ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். முகத்துக்கு முன்னால் பூச்சரம் தொங்க, கீழே விழுந்துவிடப் பயந்து சேணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மாலை மாற்றி, நெருப்பு மூட்டி, ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியபோது நானும் சிநேகிதியும் மணவறைக்கு எதிரே கம்பளத்தில் இருந்தோம். தீதி தலையை நிமிர்த்தி நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். நாலைந்து அடி தூரத்தில் அப்பா சிலிண்டரோடு நின்றார். அவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன் தீதி உன்ர பப்பாவைப் பாக்கிறாள்?” என்று சிநேகிதி கேட்டாள்.

“தெரியாது. ஆனா அவ வடிவா அழுதவ,” என்றேன். “அறைக்குள்ள, அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு. வியாழக்கிழமை டிக்கெட், பரீட்சை எழுத விடுகினமில்லை எண்டெல்லாம் சொல்லி.”

அவள் வாயில் போட்ட லட்டை மெல்லாமல் அப்படியே என்னைப் பார்த்தாள். “என்ன வியாழக்கிழமை? தீதி கோடை வரைக்கும் எங்களோடதான் இருப்பாள். அழுகை சாப்பாட்டுக்குப் பிறகு. இப்ப இல்லை.”

அவள் எழும்பித் தாயிடம் போனாள். தாய் சடங்கில் இருந்தபடியே அவள் கையைத் தட்டிவிட்டுப் பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார். நான் பெண்கள் பக்கம் ஓடி அம்மாவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், பரீட்சை, அப்பா, ஒன்றும் விடவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது. “இதை அப்பவே ஏனடி சொல்லேல்லை” என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பினார். ஓரமாகப் போய் அப்பாவின் பக்கத்தில் நின்று குனிந்து சொன்னார். நானும் பின்னால் போய் நின்றேன். அப்பாவின் முகம் மாறியது.

“சரி, நான் அவரோட கதைக்கிறன்,” என்றார் அப்பா. “ஐயர் மந்திரம் சொல்லேக்கை இடையில போய் நிக்க ஏலாது. நெருப்புப் பூசை முடியட்டும். தாலி கட்ட முதல் கூப்பிட்டுச் சொல்லுறன்.”

“அப்பா, சுத்தி முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுதாம்,” என்றேன். “சுத்துறதுதான் கலியாணமாம். அதுக்கு முதல் சொல்லவேணுமாம்.”

“சுத்துறது எங்கடயிலயும்தான் சுத்துறவை,” என்றார் அம்மா. “தாலி ஏறினாத்தான் கலியாணம். உனக்கு என்ன தெரியும், சும்மா இரு. காலமையும் நீ இப்பிடித்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரிச் சொன்னனி.”

காலையில் நான் பிழையாகச் சொன்னதை நம்பினார்கள். இப்போது சரியாகச் சொல்லுகிறேன், நம்பமாட்டார்கள். இரண்டுமே என்னால் வந்தது.

அப்பா தீதியைப் பார்த்து, ஓம், நான் சொல்லுறன் என்பதாக நன்றாகத் தலையாட்டினார். அவள் அதைக் கண்டாள். மூச்சை விட்டாள். ஐயர் எழும்பச் சொன்னதும் அவள் எழும்பினாள். மாப்பிள்ளையின் சால்வையில் அவள் முக்காட்டு நுனியை முடிந்தார்கள். முதல் சுற்று.

ஒவ்வொரு சுற்றிலும் அப்பாவைக் கடந்துதான் அவள் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் பார்த்தாள். அப்பா ஒவ்வொரு முறையும் பொறு பிள்ளை என்பதாகத் தலையாட்டினார். இரண்டு, மூன்று, நாலு என்று நான் எண்ணிக்கொண்டே நின்றேன். “அப்பா, அப்பா” என்று கோட்டைப் பிடித்து இழுத்தேன். “சிலிண்டர் விழப்போகுது, விடு” என்றார். ஐந்தாவது சுற்றில் தீதி மெதுவாக நடந்தாள். ஆறாவதில் நின்றேவிட்டாள். வெட்கம் என்று நினைத்துப் பெண்கள் சிரித்து, பின்னாலிருந்து யாரோ செல்லமாகத் தள்ளிவிட்டார்கள். ஏழாவதில் அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

எல்லோரும் பூவிதழ் எறிந்தார்கள். மேளம் அடித்தது. அப்பா ஆளாளாய்ப் பார்த்தார். “தாலி எப்ப?” என்று என்னைத்தான் கேட்டார்.

“முடிஞ்சுது அப்பா,” என்றேன்.

அந்த மணவறையில் அப்படி ஒரு தாலி இருக்கவே இல்லை. அப்பா சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு அங்கிளிடம் போனார். அங்கிள் கண்ணீரும் சிரிப்புமாக அப்பாவைக் கட்டிப்பிடித்து, “ஃபெர்டிக், பாயி சாப், ஃபெர்டிக்” என்றார். முடிந்தது, அண்ணன், முடிந்தது. அப்பா அவர் காதுக்குள் பரீட்சை என்று ஏதோ சொன்னார். அங்கிள் விலகி நின்று அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா? சுத்துக்கு முதல் எண்டாத் தகப்பன் கேக்கலாம். இனி நான் ஆர்?”

சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்னபடியே, அழுகை நடந்தது. தீதி வாசலில் நின்று பொரியை அள்ளித் தலைக்கு மேலால் பின்பக்கம் எறிந்தாள். தாய் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு அழுதார். அங்கிள் அழுதார். சிநேகிதி நிலத்தில் இருந்து அழுதாள். அம்மா எல்லோரையும்விட அழுதார். யார் எதற்கு அழுதார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. என் பக்கத்தில் நின்ற அவர்களுடைய சின்னம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு வடிவாக அழுகிறாள் பார் என்று என்னிடம் சொன்னார். தீதி பெரியவர்கள் எல்லோர் காலையும் தொட்டுக் கும்பிட்டாள். அப்பாவின் காலையும் தொட்டாள். அப்பா குனிந்து அவளை எழுப்பிவிட்டார்.

அவள் கெட்டுப்போனாள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பிள்ளைகள், நல்ல புருஷன். ஒரு சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருக்கிறாள் என்று கேள்வி. பல் வைத்தியம் பக்கம் பிறகு போகவில்லை. என் சிநேகிதி அந்த வருடத்துக்குப் பிறகு வேறு பள்ளிக்கூடம் மாறினாள். அதற்கு முதலே வகுப்பில் என் பக்கத்திலிருந்து வேறு இடத்துக்கு மாறியிருந்தாள்.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. மே மாதம் தீதிக்குப் பரீட்சை அழைப்பு வந்தது. நாள், நேரம், அறை இலக்கம் எல்லாம் போட்டு. வரமாட்டாள் என்று மறுமொழி எழுதவேண்டும். அங்கிள் சிநேகிதியை எழுதச் சொன்னார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அங்கிள் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய சமையலறை மேசையில் இருந்து, பள்ளிக்கூட மைப்பேனையால் நான் எழுதினேன். அப்பா பக்கத்தில் நின்று சொன்னார். இன்ன காரணத்தால் தொழிற்கல்வியை நிறுத்துகிறேன், பரீட்சைக்குத் தோற்றமாட்டேன். கந்தோருக்கு எழுதும் கடிதம் என்றால் இப்படியும் ஒன்று இருக்கவேண்டும் என்று அவராக நினைத்து, ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று போடச் சொன்னார். போட்டேன்.

கையெழுத்துக்காகக் கடிதம் இங்கிலாந்துக்குப் போய் இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. அங்கிள் உறையைத் திறக்காமலே அப்பாவிடம் கொடுத்து, எல்லாம் சரியா என்று பார்க்கச் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது. மேலே ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற சொற்களை மட்டும் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோட்டால் வெட்டியிருந்தாள்.

“சரியா, பாயி சாப்?” என்று அங்கிள் கேட்டார்.

அப்பா “சரி,” என்று சொல்லி மடித்து, புது உறையில் வைத்து ஒட்டினார்.

வரும் வழியில், தபாற்பெட்டியில் போட்டுவிட்டு நடக்கும்போது, “அந்த வசனத்தை நீ எழுதியிருக்கக் கூடாது” என்றார்.

“நீங்கதானே அப்பா சொன்னனீங்கள்,” என்றேன்.

“ஓம்,” என்றார் அப்பா. “நான்தான் சொன்னனான்.”